மேலே ஏரி, கீழே குடியிருப்பு: ஜான்ஸ்டவுனை அழித்த இரண்டு அணைகள்

உலகில் உள்ள அணைகளில் பெரும்பாலானவை மண்ணணைகள். மண்ணணையின் உயிர் அதன் கலிங்கில் இருக்கிறது. தண்ணீர் கலிங்கு வழியே போகாமல் கரையின் தலைமேல் வழிந்தால், அரித்துக்கொண்டே போய் உடைத்துவிடும். ஏரிக்கரைக்குக் கீழே வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜான்ஸ்டவுன் என்றொரு இரும்பாலை நகரம். கால்வாய்ப் போக்குவரத்துக்குத் தண்ணீர் கொடுக்க, அதற்கு 14 மைல் மேலே சவுத் ஃபோர்க் மண்ணணையை மாநில அரசு 1853இல் கட்டி முடித்தது. ரயில் வந்ததும் கால்வாய் கைவிடப்பட்டது. அணை தனியார் கைகளுக்குப் போனது. இடையில் வாங்கிய ஒருவர் அடியில் இருந்த வடிகுழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்புக்கு விற்றார். 1879இல் அது பிட்ஸ்பர்க் முதலாளிகளின் மீன்பிடிச் சங்கத்திடம் வந்தது. ஆண்ட்ரூ கார்னகியும் ஹென்றி ஃப்ரிக்கும் அதன் உறுப்பினர்கள். குதிரைவண்டிகள் தாராளமாகப் போக, அணையின் உச்சியைச் சில அடி வெட்டிக் குறைத்தார்கள். வளர்க்கும் மீன் தப்பாமல் இருக்கக் கலிங்கில் தடுப்பு வலை வைத்தார்கள். 1880இல் ஆலையின் பொறியாளர் ஜான் ஃபுல்டன் நேரில் போய்ப் பார்த்து, தண்ணீரை வடிக்க வழியே இல்லை, பழுதுபார்த்ததும் சரியில்லை என்று எழுதினார். எங்களால் உங்களுக்கு ஆபத்தில்லை என்று சங்கம் பதில் போட்டது.

1889 மே 31 பிற்பகல் அணை உடைந்தது. இறந்தவர்கள் 2,209 பேர். 99 குடும்பங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. 750க்கும் மேற்பட்ட உடல்களை அடையாளம் தெரியாமலே புதைத்தார்கள். பத்திரிகைகளோ, ஹங்கேரியக் கூலித் தொழிலாளர்கள் பிணங்களின் விரலை அறுத்து மோதிரம் திருடுவதாக எழுதின. பழி எந்தத் திசையில் ஓடும் என்பது நமக்குப் பழகிய கதைதான். சங்கத்தின் மீது போட்ட வழக்குகள் எதுவும் வெல்லவில்லை. கார்னகி நகரத்துக்கு ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார்.

பிறகு ஆற்றுக்குக் காங்கிரீட் கரை கட்டி, ‘வெள்ளமில்லா நகரம்’ என்று ஜான்ஸ்டவுன் பெயர் சொல்லிக்கொண்டது. 1977 ஜூலை 20 அதிகாலை, பெருமழையில் லாரல் ரன் என்ற பழைய மண்ணணை உடைந்தது. நகரத்துக்குக் குடிநீர் தந்த அணை அது. கீழே டானரிவில் குடியிருப்பில் மட்டும் சுமார் 40 பேர் உறக்கத்திலேயே அடித்துச் செல்லப்பட்டனர். அதே ஆண்டு நவம்பரில் ஜார்ஜியாவில் கெல்லி பார்ன்ஸ் அணை உடைந்து 39 பேர் இறந்தார்கள். அதன் பிறகே அதிபர் கார்ட்டர் தனியார், மாநில அணைகளை ஆய்வுசெய்ய உத்தரவிட்டார். சட்டம் 1972லேயே இருந்தது; வேலை நடக்கவில்லை. சுமார் 8,800 அணைகளைப் பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒன்று பாதுகாப்பற்றது என்று தெரிந்தது.

தோழர்களே, அந்த ஆய்வுகளில் இரண்டு மதிப்பீடுகள் உண்டு. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அணை எப்படி இருக்கிறது என்பது நிலை மதிப்பீடு. உடைந்தால் கீழே என்ன ஆகும் என்பது அபாய வகை. ‘உயர் அபாயம்’ என்றால் அணை பலவீனமானது என்று பொருளில்லை. உடைந்தால் மனித உயிர் போகக்கூடும் என்று பொருள். அணை அப்படியே நின்றாலும் கீழே வீடுகள் வந்தால் வகை உயரும். உயர்ந்தால் அணைக்காரர் கலிங்கை அகலப்படுத்தச் செலவு செய்ய வேண்டும், அல்லது கீழே இருப்பவர்களைக் கிளப்ப வேண்டும். எது மலிவு?

2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் ஆற்றோரக் குடும்பங்கள் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற பெயரோடு பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டதை நாம் பார்த்தோம். அவர்களை அந்தப் பள்ளத்தில் குடியேற்றிய வரலாறு எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் இல்லை.

நம் நாட்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021இல்தான் வந்தது. அபாய வகைப்படுத்தலும் அவசரகாலத் திட்டமும் அதில் உண்டு. ஆனால் அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை சில நிபந்தனைகளில் அடங்குபவற்றுக்கும் மட்டுமே. சேரிக்கு மேலே நிற்கும் ஊர் ஏரிகளில் பெரும்பாலானவற்றின் கரை அவ்வளவு உயரமில்லை.