கடல் தன்னைத் துப்புரவு செய்கிறதா? ஒரு சொல்லின் வரலாறு

ஆறுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பாறைகளைக் கரைத்து ஈயம், செம்பு, துத்தநாகம், கோபால்ட் ஆகியவற்றைக் கடலில் சேர்த்து வருகின்றன. அவை அனைத்தும் நீரிலேயே தங்கியிருந்தால் கடல் என்றோ நஞ்சாகியிருக்கும். ஆனால் கடல்நீரில் இவ்வுலோகங்கள் மிகச் சொற்பமே. எஞ்சியவை எங்கே போயின?

1954-இல் எட்வர்ட் கோல்ட்பர்க் ஒரு விடை தந்தார். நீரில் மிதக்கும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுத் துகள்கள் பிற உலோகங்களைத் தம் மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொண்டு அடித்தளத்தில் படிகின்றன என்றார். 1956-இல் கிராஸ்காஃப் பதின்மூன்று உலோகங்களை ஆராய்ந்து, பெரும்பாலானவற்றின் குறைவை வெறும் வீழ்படிவால் விளக்க முடியாது, துகள்களின் பரப்புக்கவர்ச்சியே தக்க விளக்கம் என்று காட்டினார். இதில் எல்லா உலோகங்களும் ஒரே வழியில் செல்வதில்லை. துத்தநாகத்தையும் காட்மியத்தையும் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் உட்கொள்கின்றன. அவை மடிந்து மூழ்கிச் சிதையும்போது ஆழத்தில் அவ்வுலோகங்கள் மீண்டும் நீரில் கலக்கின்றன. ஈயமோ துகள்களில் எளிதாக ஒட்டிக்கொண்டு விரைவில் அடித்தளம் சேர்கிறது.

கோல்ட்பர்க் இத்துகள்களுக்கு இட்ட பெயர் 'ஸ்கேவெஞ்சர்'. இடைக்கால லண்டனில் அயல் வணிகரின் சரக்குகள்மீது விதிக்கப்பட்ட வரி 'ஸ்கேவேஜ்'. அதை வசூலித்த அலுவலரிடம் பின்னர்த் தெருத் தூய்மையும் ஒப்படைக்கப்பட்டது. காலப்போக்கில் அப்பெயர் குப்பை அள்ளுபவருக்கு உரியதாயிற்று. தமிழில் 'துப்புரவு' என்பதும் அவ்வாறே பொருள் மாறியது. திருக்குறளின் நல்குரவு அதிகாரத்தில் அது நுகரும் பொருளைக் குறிக்கும். இன்று கழிவை அகற்றுவதைக் குறிக்கிறது. இரு மொழிகளிலும் பொருளைச் சுட்டிய சொல் கழிவிடம் வந்து சேர்ந்தது. இந்தியாவில் இந்த ஆங்கிலச் சொல் சாதியின் சுமையையும் தாங்குகிறது. 1993, 2013 ஆகிய ஆண்டுகளின் தடைச் சட்டங்களின் பெயர்களிலேயே அது இருக்கிறது.

ஆகவே இவ்வேதியியலைத் தமிழில் 'துப்புரவு' என்று பெயர்த்தால் ஒரு பிழையும் உடன் வருகிறது. கழிவு மறைந்துவிட்டதாக அச்சொல் எண்ண வைக்கிறது. உண்மையில் உலோகம் இடம் மாறுகிறது, அவ்வளவே. நம் பெருங்கடலில் இதற்குச் சான்றுண்டு. 1981 ஜனவரி 26 அன்று கவேஷணி ஆய்வுக் கப்பல் அரபிக்கடலின் அடியிலிருந்து எடுத்த மாங்கனீசு முடிச்சு, இவ்வாறு படிந்த உலோகங்களின் திரட்சியே. அத்தகைய முடிச்சு பத்து இலட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டரே வளரும்.

செம்பூருக்குக் கிழக்கே உள்ள தானே கழிமுகத்தில் இதே வேதியியல் நம் கண்ணெதிரே நடக்கிறது. 1950-களில் மாகுலிலும் டிராம்பேயிலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. நகரக் கழிவோடு வரும் உலோகங்கள் உவர்நீரைச் சந்திக்கையில் களிமண்ணோடு திரண்டு அலையாத்தி வேர்களடியில் படிகின்றன. உயிர்வளியற்ற அச்சேற்றில் சல்பைடு அவற்றைப் பிணைக்கிறது. சேற்றைத் தோண்டிக் காற்றுபடச் செய்தால் அப்பிணைப்பு தளர்கிறது. பூநாரைகள் இரை தேடும் இந்நிலம் 2022-இல் ராம்சார் தளமாயிற்று.

எனவே நான் பரிந்துரைக்கும் சொல் 'துகள்வழிப் படிவு'. அகற்றப்பட்டது எங்கே கிடக்கிறது என்ற கேள்வியை இச்சொல் மூடி மறைக்காது. கழிமுகத்தைத் தூர்வாரத் திட்டமிடுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.