கொல்லிமலையின் கிணற்றுச் சுவர்கள்

சேலம், நாமக்கல் சமவெளியில் நின்று நோக்குவோர்க்குக் கொல்லிமலை நீலச் சுவரெனத் தோன்றும். சங்கப் புலவர்கள் வல்வில் ஓரியின் மலையெனப் போற்றிய இம்மலையின் குடிகள் மலையாளிகள் என்று அழைக்கப்படுகின்றனர். கேரளத்தோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை. மலையில் வாழ்வோர் என்பதே பொருள். அவர்கள் பேசுவதும் தமிழே. காஞ்சியிலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவர் கொல்லி, சேர்வராயன், பச்சைமலை ஆகியவற்றில் குடியேறினர் என்பது அவர்தம் மரபுச் செய்தி. அடிவாரத்துச் சேந்தமங்கலம், இராசிபுரம் பகுதிகளிலோ தமிழரோடு, தெலுங்கும் கன்னடமும் பேசும் சமூகத்தாரும் வாழ்ந்து வந்தனர். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளியார் மலையேறத் தயங்கிய காலம் அது.

ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெசி பிராண்ட் 1907-ஆம் ஆண்டு இந்தியா வந்தார். அவர் கட்டடத் தொழில் அறிந்தவர்; மருத்துவத்தில் ஓராண்டுப் பயிற்சி மட்டுமே பெற்றவர். 1913-இல் எவலின் ஹாரிஸ் அம்மையாரை மணந்து, சமவெளியை விட்டு மலைமேல் குடியேறினார். இவ்விருவரின் வரலாறு நம் சபைகளில் சொல்லப்படும்போது பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சியே முன்னிற்கிறது. முதல் உலகப் போரின் இறுதியில் பரவிய கொடிய இன்புளுவென்சாக் காய்ச்சல் மலையையும் தாக்கியது. பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சிக் குடிசை தோறும் கொண்டு சென்றனர். அதுவரை அவர்களை எதிர்த்துவந்த பூசாரியும் நோயுற்றார். சாகுந்தறுவாயில் தம் குழந்தையை அவர்களிடமே ஒப்புவித்தார். அதன் பின்னரே மக்களின் மனம் இளகியது என்பர்.

உருக்கமான செய்திதான். எனினும், கிணற்றைப் பற்றிய செய்தியை இதனினும் கனமானதாக நாம் கருதுகிறோம்.

அந்நாளில் நரம்புச் சிலந்தி நோய் மக்களை வாட்டியது. இரண்டு மூன்றடி நீளமுள்ள புழு காலின் தோலைத் துளைத்து வெளிவரும். ஜெசி பிராண்ட் அதனை ஒரு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாதபடி நாள்தோறும் சிறிது சிறிதாக இழுத்தெடுப்பார். ஆனால் இவ்வாறு குணமானவர் மறுபடியும் அதே நீரைத்தானே அருந்தவேண்டும்! கொப்புளமுள்ள காலோடு ஒருவர் நீரில் இறங்கினால், புழுவின் குஞ்சுகள் நீரில் சிந்துகின்றன. கண்ணுக்கு எளிதில் புலப்படாத நீர்ப்பூச்சிகள் அவற்றை விழுங்குகின்றன. அந்நீரைக் குடிப்பவர் உடலில் ஓராண்டளவில் புழு வளர்ந்து வெளிப்படுகின்றது. ஒருவர் கால் நனைத்தால் ஊரே நோயுறும். ஆகவே கிணற்றைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பவும், எவரும் உள்ளே இறங்காமல் வாளியால் இறைக்கவும் அவர் மக்களை இணங்கச் செய்தார். அவருடைய கட்டடத் தொழில் இங்கே மருத்துவத்தினும் மேலாகப் பயன்பட்டது.

மருந்து கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என்ற நிலையில் மருத்துவம் நடந்துவிடும். கிணற்றுச் சுவருக்கு ஊராரின் இசைவு வேண்டும். தண்ணீர்த் துறையில் இன்னார் இறங்கலாம், இன்னார் கூடாது என்ற கட்டுப்பாடுகள் நிறைந்த நம் நாட்டில், கிணற்றை அனைவருக்குமாகக் காப்பது எளிய காரியமன்று. பிராண்ட் குடும்பத்தாரின் நினைவுகள் வழியாகவே இவ்வரலாற்றின் பெரும்பகுதி நமக்கு வந்துள்ளது. கல் சுமந்து சுவர் எழுப்பிய மலைமக்களின் சொற்களில் அன்று. வாசகர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

1929-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெசி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே மரித்தார். மலையில் வளர்ந்த மகன் பால் பிராண்ட் அப்போது இங்கிலாந்தில் மாணவர். பின்னர் வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து புகழ் பெற்றார். எவலின் அம்மையாரோ, மிஷனிலிருந்து ஓய்வு பெற்றபின் தனியராகவே மலைக்குத் திரும்பி, கல்வராயன் முதலிய மற்ற மலைகளிலும் மட்டக்குதிரை ஏறிச் சென்று உழைத்தார். 1974 டிசம்பரில் தம் 95-ஆம் வயதில் மரித்து, கொல்லிமலையில் கணவரின் கல்லறையருகே அடக்கம்பண்ணப்பட்டார்.

நரம்புச் சிலந்திக்குத் தடுப்பூசி இல்லை. புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல் இராஜஸ்தானில் காணப்பட்டார். உலக சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் நம் நாட்டை இந்நோயற்ற நாடெனச் சான்றளித்தது. நீரைத் துணியால் வடிகட்டியும், படிக்கிணறுகளை மாற்றியமைத்தும், நோயுற்ற கால் நீரில் படாமல் காத்துமே அந்நோய் ஒழிக்கப்பட்டது.