தோப்புக்கு ஏற்ற டிராக்டர்



ஆயக்குடி என்றாலே கொய்யாதான் ஞாபகத்துக்கு வரும். இருபதடி இடைவெளியில் வைத்த தோப்பானாலும் சரி, பத்தடிக்கு நெருக்கி வைத்த அடர்நடவானாலும் சரி, கொய்யாவில் கிளை தாழ்ந்துதான் நிற்கும். பெரிய டிராக்டரை உள்ளே விட்டால் கிளை முறியும், பிஞ்சு உதிரும். "சின்ன டிராக்டர் வாங்கிடலாமுங்களா? எத்தனை குதிரைத்திறன் வேணும்?" என்று கேட்கிறீர்கள். சின்ன டிராக்டர் வந்த கதையைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

ஆரம்ப காலத்து டிராக்டருக்கு எடைதான் பலம். எடை குறைந்தால், கலப்பையை இழுக்கும்போது சக்கரம் வழுக்கும். அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன் 1926-இல் மூன்று முனை இணைப்புக்குக் காப்புரிமை பெற்றார். கலப்பையின் பாரமும் இழுவையும் பின்சக்கரத்தை மண்ணில் அழுத்தும்படி செய்ததால், லேசான டிராக்டரும் உழுதது. இன்றைக்கும் நம் டிராக்டரில் கலப்பை மாட்டுவது அந்த முறையில்தான்.

அதற்கு முன்பே, 1912-இல், ஆஸ்திரேலியாவில் ஹோவர்ட் என்பவர் சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். அதுதான் பின்னால் ரோட்டவேட்டர் ஆயிற்று. இழுப்பதற்குப் பதிலாகச் சுழற்றியதால் சிறிய இன்ஜினே போதுமானதாக இருந்தது.

துண்டு துண்டான நெல்வயல் கொண்ட ஜப்பான் இந்த வழியைப் பிடித்துக்கொண்டது. முதலில் பவர் டில்லர், பிறகு ஏறி ஓட்டும் சிறு டிராக்டர். குபோட்டா நிறுவனம் 1969-இல் 21 குதிரைத்திறன் டிராக்டரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. வீட்டைச் சுற்றி நாலைந்து ஏக்கர் வைத்திருந்தவர்கள் புல் வெட்டவும் எரு சுமக்கவும் இத்தகைய வண்டிகளை வாங்கினார்கள்.

நம் நாட்டில் 1967-இல் பெங்களூரில் வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷி கூட்டுறவோடு பவர் டில்லர் தயாரிக்கத் தொடங்கப்பட்டது. 1973-இல் கேரள அரசின் காம்கோ வந்தது. 1974-இல் பஞ்சாபில் உள்நாட்டு வடிவமைப்பிலேயே ஸ்வராஜ் டிராக்டர் வந்தது. தோட்டப் பயிருக்கென்றே 11 குதிரைத்திறனில் ஸ்வராஜ் கோட் வந்தது 2021-இல்.

இவர்கள் எல்லோருமே நிலத்தையும் வேலையையும் பார்த்த பிறகே இயந்திரத்தைச் செய்தார்கள். வாங்குகிற நாமும் அப்படித்தான் போக வேண்டும்.

முதலில் டேப் எடுத்துச் சந்தை அளந்துகொள்ளுங்கள். அடிமரத்துக்கு அடிமரம் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். காய் சுமந்த கிளை நுனிக்கு நுனி அளக்க வேண்டும். டிராக்டரோடு பின்னால் மாட்டும் கருவியும் அதற்குள் அடங்க வேண்டும்.

அடுத்தது வேலை. கொய்யாவின் உணவு வேர்கள் பெரும்பாலும் மேல் ஓரடி மண்ணிலேயே இருக்கின்றன. ஆழ உழுதால் வேர் அறுபடும். புல்லை வெட்டி மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். அதனால் கலப்பையைவிடப் புல்வெட்டும் கருவிக்குத்தான் வேலை அதிகம். அடிக்கு ஐந்து குதிரைத்திறன் என்பது பொதுக் கணக்கு. நாலடிக் கருவிக்கு பி.டி.ஓ. தண்டில் சுமார் 20 வேண்டும். விளம்பரத்தில் போடுவது இன்ஜின் திறன். தண்டில் கிடைப்பது அதைவிடக் குறைவு. வாங்கும்போது இரண்டையும் கேளுங்கள்.

டிரெய்லர் மாட்டுவதானால் இன்னொன்று. எருப்பாரத்தை இழுத்துவிட்டால் மட்டும் போதாது. சரிவில் இறங்கும்போது பாரம் லேசான வண்டியைத் தள்ளிவிடும். பிரேக்குக்கு அடங்குகிற அளவுதான் பாரம் ஏற்ற வேண்டும்.

கடைசியாக, வருஷத்தில் எத்தனை நாள் வண்டிக்கு வேலை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு ஏக்கருக்குச் சில நாள் வேலைதான் என்றால், வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்கு எடுக்கலாம்; பக்கத்துத் தோட்டக்காரர்களோடு கூட்டாகவும் வாங்கலாம். பழம் விலை இறங்கினாலும் வங்கித் தவணை இறங்காதுங்க. அளந்து, எண்ணி, பிறகு கடைக்குப் போங்கள்.