துணியில் செய்த பல்சக்கரம்

கார் எஞ்சினின் உள்ளே துணியில் செய்த பல்சக்கரம் ஓடியது என்றால் சட்டென்று நம்பத் தோன்றாது. முதன்முதலில் கேட்டபோது நானும் சிரித்தேன். ஃபோர்டின் மாடல் ஏ காரில் அதுதான் இருந்தது. பேக்கலைட் பிசினில் ஊறவைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய கேன்வாஸ். தொட்டுப் பார்த்தால் மரக்கட்டை மாதிரி இருக்கும்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 1927 மே மாதம், ஒன்றரைக் கோடி வண்டிகளைச் செய்து முடித்த பிறகு, மாடல் டி உற்பத்தியை ஹென்றி ஃபோர்டு நிறுத்தினார். நிறுத்த மனமில்லாமல்தான். ஆனால் செவர்லே விற்பனை ஏறிக்கொண்டே இருந்தது. வண்டி ஓடினால் போதும் என்று வாங்கிய காலம் போய், சத்தமில்லாமல், அழகாக ஓட வேண்டும் என்று மக்கள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். மாதக்கணக்கில் ஆலை மூடிக் கிடந்தது; டெட்ராய்ட்டில் பல்லாயிரம் தொழிலாளர்கள் கூலியில்லாமல் நின்றார்கள். 1927 டிசம்பர் 2ஆம் தேதி வெளிவந்த மாடல் ஏ, அந்த இழப்பை எல்லாம் ஈடுகட்டியாக வேண்டிய வண்டி. அது லொடலொடவென்று சத்தம் போட்டால் என்ன ஆகும்?

சத்தம் எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதனால் கிராங்கில் சின்ன பல்சக்கரம், கேமில் அதைப்போல் இரண்டு மடங்கு பற்கள் கொண்ட பெரிய சக்கரம். இவைதான் டைமிங் கியர்கள். (நம்ம ஊர் அம்பாசிடரில் இந்த வேலையைச் சங்கிலி செய்தது.) வால்வைத் திறக்கும்போது ஸ்பிரிங் கேமைத் தடுத்து நிற்கும், மூடும்போது அதே ஸ்பிரிங் கேமை முன்னே தள்ளிவிடும். ஆக, ஒவ்வொரு சுற்றிலும் பற்கள் ஒருமுறை இந்தப் பக்கம் உரசும், மறுமுறை அந்தப் பக்கம் மோதும். இரும்போடு இரும்பு மோதினால் காது சொல்லிவிடும். கிராங்கில் எஃகு, கேமில் பிசினேற்றிய துணி, போதாததற்குப் பற்களையும் சாய்வாக வெட்டிவிட்டால் சத்தம் அடங்கும். லியோ பேக்கலண்ட் 1907இல் கண்டுபிடித்த பிசின், இருபது வருஷத்தில் சாதாரண விவசாயியின் கார் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

ஆனால் துணி தேயும். தேய்ந்தால் அடக்கிவைத்த சத்தம் திரும்பி வரும். இங்கேதான் பலபேர் ஏமாந்துபோகிறார்கள். எஞ்சினுக்குள் டொக் டொக் என்றதும் "பேரிங் போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மாடல் ஏவின் பேரிங் இன்றைய கார்களில் உள்ளதைப் போலக் கழற்றி மாட்டும் ஓடு இல்லை. ஒயிட் மெட்டலை உருக்கி ஊற்றிக் கடைந்து எடுக்க வேண்டும். அந்தக் கை இப்போது சிலரிடம்தான் மிச்சம் இருக்கிறது. தவறாகத் தீர்மானித்தால் நல்ல எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு, பணத்தையும் இழந்து, புது பேரிங்கோடு பழைய சத்தத்தையே கேட்க வேண்டிவரும்.

ஆகவே அவசரப்படக் கூடாது. முதலில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும் டைனமோவும் இதே சத்தம் போடும். அடுத்தது பிளக் சோதனை. மாடல் ஏவில் பிளக்குக்குப் போவது ஒயர் இல்லை, திறந்தபடி கிடக்கும் உலோகப் பட்டை. மரப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் பிளக் முனையையும் சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துத் தொட்டால் அந்த சிலிண்டர் வெடிப்பது நின்றுவிடும். அப்போது சத்தம் குறைந்தால் அந்த சிலிண்டரின் கனெக்டிங் ராடு பேரிங்கைச் சந்தேகிக்கலாம். நாலையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தும் சத்தம் மாறவே இல்லையா? நீளமான கம்பியின் ஒரு முனையை டைமிங் கவர்மேல் வைத்து மறுமுனையைக் காதில் வையுங்கள். அங்கேதான் அதிகம் கேட்கிறது என்றால் விஷயம் பிடிபட்டது.

எஞ்சினை அணைத்தும் ஒரு சோதனை செய்யலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்துவிட்டு, கிராங்கைக் கையால் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். கிராங்க் நகர்ந்தும் ரோட்டார் நகராமல் நிற்கிற தூரம்தான் தேய்மானம். ஆனால் இதை மட்டும் நம்பிவிடக் கூடாது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் இணைப்புகளிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். கிராங்க் எவ்வளவு சுற்றினாலும் ரோட்டார் அசையவே இல்லை என்றால் பற்கள் மொத்தமாக வழித்துக்கொண்டு போய்விட்டன என்று அர்த்தம். நல்லவேளை, இந்த எஞ்சினில் வால்வுகள் பிஸ்டனுக்குப் பக்கவாட்டில் இருக்கின்றன, இரண்டும் மோதிக்கொள்ளாது. வண்டி நடுரோட்டில் நிற்கும், அவ்வளவுதான்.

மாற்றுவது சிரமமான வேலை இல்லை, பொறுமை வேண்டும். ரேடியேட்டரை இறக்க வேண்டும். எஞ்சினின் முன்பக்க எடை டைமிங் கவர் வழியாகத்தான் சட்டத்தில் இறங்குகிறது. அதனால் கவரைத் தொடும் முன்பே அடியில் மரக்கட்டையும் ஜாக்கியும் கொடுத்துத் தாங்க வேண்டும். கேம் கியர் இரண்டு ஊசிகளில் உட்கார்ந்து ஒரு பெரிய நட்டால் இறுகியிருக்கும். கிராங்க் கியரைப் புல்லர் போட்டு இழுக்க வேண்டும். அது எஃகுதானே, தேயாது என்று அதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். தேய்ந்த எஃகுப் பல் புதுத் துணிப் பல்லை அரத்தைப் போல ராவிவிடும். மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். கிராங்க் கியரின் ஒரு பல்லில் உள்ள புள்ளி, கேம் கியரின் குறிக்கு நேராக வர வேண்டும்.

பேரிங் புதிதாக ஊற்றிக் கடைந்த எஞ்சின் என்றால் இரண்டு தண்டுகளுக்கும் இடையிலுள்ள தூரம் மயிரிழை மாறியிருக்கும். அதற்கென்றே அளவு கூடிய கியர்களும் குறைந்த கியர்களும் விற்கிறார்கள். பற்களுக்கு நடுவே அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளி இருந்தாக வேண்டும். அறவே இல்லையென்றால் ஊளையிடும்.

அலுமினியக் கியர் போடலாமா? போடுகிறார்கள், நெடுநாள் உழைக்கும் என்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. இடைவெளி சற்றுப் பிசகினாலும் கத்தும். தவிர, எஞ்சினுக்குள் ஏதாவது சிக்கிக்கொண்டால் துணிக் கியர் தன்னை உடைத்துக்கொண்டு மற்றதைக் காப்பாற்றும். ஃபோர்டு அதை நினைத்துச் செய்தாரா என்பது வேறு கதை.

பற்கள் உடைந்திருந்தால் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. அடித்தொட்டியைக் கழற்றி, ஆயில் பம்ப்பின் சல்லடையில் அடைந்திருக்கும் பழுப்பு நார்த் துணுக்குகளைச் சுத்தமாகத் துடைத்தெடுக்க வேண்டும். அதை மறந்தால் எண்ணெய் ஏறாது, பிறகு பேரிங் நிஜமாகவே போய்விடும்.