பன்னிரண்டு வோல்ட் மீட்டர் கேஜ்

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறைமலை நகரில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ரயில் விபத்து நடந்தது. பிளைவுட் பலகையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம். அதில் ஒரு மீட்டர் கேஜ் மின்ரயில். உடலை அட்டையில் நானே வெட்டி, வாங்கிய சேசிஸ் மேல் ஒட்டியிருந்தேன். ஒரு மீட்டரை 87ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். அதனால்தான் அந்த அகலம்.

வளைவில் ஒரு பெட்டி தடம் புரண்டது. அதன் இரும்புச் சக்கரம் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துத் தொட்டது. சின்னதாக ஒரு சீறல், கொஞ்சம் புகை, பிளாஸ்டிக் கட்டைகள் உருகிய வாசனை. பெட்டியைத் தூக்க நீட்டிய மகளின் விரலுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே ஓர் அங்குலம் இருந்திருக்கும்.

தப்பு என்னுடையது. காசு மிச்சம் என்று பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தண்டவாளத்துக்குக் கொடுத்திருந்தேன். 12 வோல்ட்தானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காது என்று நினைத்தேன். லேபிளில் பக்கத்திலேயே 16 ஆம்பியர் என்று போட்டிருந்ததை யோசிக்கவில்லை. பெருக்கினால் 192 வாட். சாதாரண சோல்டரிங் அயர்ன் 25 வாட். என் ரயிலுக்குத் தேவை கால் ஆம்பியர், மிஞ்சிப் போனால் அரை. கேட்டதைப் போல முப்பது மடங்கு கொடுக்கத் தயாராக இருந்த அந்தப் பெட்டிக்கு, அது ஷார்ட் சர்க்யூட் என்றே தெரியவில்லை.

ரயிலுக்கு எந்த மின்சாரம் கொடுப்பது, எது கட்டுப்படியாகும்? இந்த ஊர் இந்தக் கேள்வியை நூறு வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. 1895இல் மெட்ராஸில் மின்சார டிராம் ஓடியபோது, கம்பியைத் தலைக்கு மேல் கட்டவில்லை. சாலைக்கு அடியில் ஒரு கால்வாய் போட்டு அதில் வைத்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் மெட்ராஸ் மழை அதை விட்டுவைக்கவில்லை. கடைசியில் கம்பி மேலே ஏறியது.

அடுத்தது 1931. பீச்சிலிருந்து எழும்பூர் வழியாகத் தாம்பரம் வரை, சுமார் 30 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதையில் தென்னிந்திய ரயில்வே மின்ரயில் விட்டது. 1,500 வோல்ட் டிசி. ஆறு வருஷம் முன்பு பம்பாய் எடுத்த அதே முடிவு. காரணம் எளிது: ரயிலை நிலையிலிருந்து இழுத்து நகர்த்த அன்றைக்கு நம்பகமான மோட்டார் டிசி மோட்டார். ஏசியை டிசியாக மாற்றும் கருவியோ ரயிலுக்குள் அடக்க முடியாத அளவு பெரியது. எனவே அதைத் தரையில் துணை மின்நிலையத்தில் வைத்தார்கள்.

குறுகிய தூரத்துக்கு அது சரி. தூரம் கூடினால் கணக்கு உதைக்கும். வோல்ட் குறைவாக இருந்தால் அதே சக்திக்கு அதிக ஆம்பியர் வேண்டும். கம்பியில் வெப்பமாக வீணாவது அந்த ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1,500க்குப் பதில் 25,000 வோல்ட் கொடுத்தால் ஆம்பியர் ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்கு. அதே கம்பியில் இழப்பு சுமார் 278இல் ஒரு பங்கு. பிரான்ஸ் 1950களில் இதை ஓட்டிக் காட்டியது. 1957இல் இந்திய ரயில்வேயும் 25,000 வோல்ட் ஏசிதான் இனி என்று முடிவெடுத்தது. அதற்குள் மாற்றும் கருவி ரயிலுக்குள் ஏறும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. 1960களில் தாம்பரத்தைத் தாண்டி விழுப்புரம் நோக்கிக் கம்பி நீண்டபோது, இன்று எங்கள் ஊர் இருக்கும் இடத்தைக் கடந்து போனது ஏசி. பிறகு பீச் - தாம்பரமும் மாறியது. நாற்பது வருஷம் கூட ஆகாத ஏற்பாட்டைப் பிரித்துப் போட்டார்கள். 1931இல் எடுத்தது தப்பான முடிவு இல்லை. அந்தத் தூரத்துக்கு, அந்தக் காலத்துக்கு அது சரி.

அந்த மீட்டர் கேஜ் யூனிட்டுகள் 2004 ஜூலை 1 அன்று கடைசியாக ஓடின. அப்பா அதில்தான் வேலைக்குப் போய்வந்தார். "உக்கார இடம் கிடைச்சா அன்னைக்கு நல்ல நாள்" என்பார். அட்டையில் நான் வெட்டியது அந்த வண்டியைத்தான்.

பொம்மை ரயில்களின் கதையும் இதே பாதைதான். 1925இல் ஹார்ன்பி தன் முதல் மின்சார ரயிலை விற்றபோது, வீட்டு மின்சாரத்தையே ஒரு பல்பு வழியாகத் தண்டவாளத்துக்குக் கொடுத்தது. குழந்தைகள் விளையாடும் தண்டவாளத்தில்! சில வருஷங்களிலேயே குறைந்த வோல்ட்டுக்கு இறங்கிவிட்டார்கள். 1938இல் வந்த ஹார்ன்பி டப்ளோ 12 வோல்ட் டிசி. இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் வண்டி பின்னால் போகும், அவ்வளவு எளிது. இன்றும் பெரும்பாலான சின்ன லேஅவுட்டுகள் அந்த எண்ணில்தான் நிற்கின்றன.

உருகிய தண்டவாளத்தைப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் காட்டினேன். ஒரகடத்தில் பேனல் வயரிங் செய்கிறவர்.

"வோல்ட்ட பார்த்த, ஆம்பியர பார்க்கல. ஃப்யூஸ் எங்க தம்பி?"

"போடலண்ணே."

"ஒரு இண்டிகேட்டர் பல்பு வாங்கிட்டு வா. 12 வோல்ட், 21 வாட்."

ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி உதிரிபாகக் கடைக்கா பஞ்சம்? தண்டவாளத்துக்குப் போகும் ஒயரில் அதைத் தொடராக இணைத்தார். ரயில் சாதாரணமாக ஓடும்போது பல்பு கிட்டத்தட்ட எரியாது. குளிர்ந்த இழைக்குத் தடை மிகக் குறைவு. ஷார்ட் ஆனால் இழை சூடாகி, தடை ஏறி, ஒன்றே முக்கால் ஆம்பியருக்கு மேல் போக விடாது. ஹார்ன்பி வைத்ததும் பல்புதான். ஆனால் அங்கே தண்டவாளம் வீட்டு மின்சாரத்திலிருந்து பிரிக்கப்படவில்லை. இங்கே அடாப்டருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பிரித்துவிடுகிறது.

அந்தப் பிரிவினைதான் முக்கியம். ரிச்சி தெருவில் மலிவான எல்.ஈ.டி. டிரைவர் போர்டுகள் கிடைக்கும். பலவற்றில் அது கிடையாது. எண் குறைவாக இருந்தாலும் தொட்டால் வீட்டு மின்சாரமேதான். நான் கடைசியில் வாங்கியது பி.ஐ.எஸ். பதிவு எண் அச்சிட்ட 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர். சி.சி.டி.வி. கேமராவுக்குப் போடுவார்களே, அதுதான். கூடவே ஒரு வேகக் கட்டுப்பாட்டு போர்டு, முன்னும் பின்னும் போக ஒரு சுவிட்ச், ஒரு ஃப்யூஸ், அந்த பல்பு. எல்லாம் சேர்த்து ஒரு குடும்பம் சினிமாவுக்குப் போய்வரும் செலவு. எஸ்.எம்.பி.எஸ். இலவசம்தான், ஆனால் அது கேட்ட விலை வேறு.

போன வாரம் மறுபடி அதே வளைவில் பெட்டி கவிழ்ந்தது. ஹால் ஓரத்தில் பல்பு மஞ்சளாக எரிந்தது. மகள் ஓடிவந்து பெட்டியைத் தூக்கி வைத்தாள். பல்பு அணைந்தது. வண்டி தாம்பரத்துக்குக் கிளம்பியது.