சரசுவதியும் சுழியும்



நன்னடத்தைக்கு இன்ன பரிசு, தவற்றுக்கு இன்ன தண்டனை என முன்னரே வரையறுத்து, அதனை மாணவரும் அறியச் செய்தல் அண்மைக்காலப் புதுமை எனப் பலர் எண்ணுகின்றனர். நம் திண்ணைப் பள்ளிகளின் வரலாறு வேறு கூறுகிறது.

1822-ஆம் ஆண்டில் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்துப் பள்ளிகளின் நிலையை ஆராய்ந்து தெரிவிக்குமாறு கலெக்டர்களைப் பணித்தார். மறு ஆண்டு பல்லாரிக் கலெக்டர் காம்பெல் விடுத்த அறிக்கையில் ஒரு காட்சி வருகிறது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாமவன் கையில் ஒரு சுழி. அவன் புகழ்ச்சிக்கும் உரியவன் அல்லன், இகழ்ச்சிக்கும் உரியவன் அல்லன். மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. பின்வருவோர்க்கு ஒவ்வொன்றாய் ஏறும்.

காசுச் செலவில்லாத பரிசு. ஐயத்துக்கு இடமில்லாத கணக்கு. ஆயினும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஓடிவந்தவனும் உறங்கிக் கிடந்தவனும் அக்கணக்கில் ஒன்றே. அனைவரும் விடியுமுன் வந்துவிட்டாலுங்கூட மூன்றாமவனுக்கு அடி தப்பாது! முயற்சியை அளக்காமல் வரிசையை மட்டும் அளந்த முறை அது.

இவ்வறிக்கைக்கு முன்பே, 1789-இல், எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற ஆண்மக்களுக்கான விடுதிப் பள்ளியை ஏற்று நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார்; மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். இங்கிலாந்தில் இதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர். அவர் பள்ளியில் கறுப்புப் புத்தகம் ஒன்று இருந்தது. தவறுகள் அதில் பதியப்படும். வாரந்தோறும் அனைவர் முன்னிலையிலும் படிக்கப்படும். பன்னிரண்டுக்குக் குறையாத சிறுவர் குழு தீர்ப்புரைக்கும். குழுவைப் பொறுக்கியவர் ஆசிரியரே என்பது உண்மைதான். எனினும், தவறியவன் ஏன் தவறினான் என்று கேட்க அங்கே ஒரு வேளை இருந்தது. பல்லாரித் திண்ணையில் அஃது இல்லை.

1798-இல் லண்டனில் பள்ளி தொடங்கிய ஜோசப் லான்காஸ்டர் பரிசுகளைப் பெருக்கினார். நன்மதிப்புச் சீட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தால் பந்தும் காற்றாடியும் கிடைக்கும். பிரம்பை வெறுத்த அவரே, குறும்பரின் கழுத்தில் மரக்கட்டையை மாட்டினார்; கூடையிலிட்டுக் கூரையில் தொங்கவிட்டார். 1812-இல் கவிஞர் ராபர்ட் சதே இதனைக் கடுமையாகச் சாடினார். சோம்பிய பிள்ளையை இரு கைகளாலும் கூரையிலிருந்து தொங்கவிடும் வழக்கத்தைப் பல்லாரி அறிக்கையும் குறிக்கிறது. லான்காஸ்டர் அதனை இங்கிருந்து கற்றார் என்று நான் சொல்ல வரவில்லை. மணலெழுத்தைத்தான் அவர்கள் நம்மிடம் பெற்றனர்.