ஒட்டுப் போர்வையும் பஞ்சுகொட்டியும்

மேலே வண்ணத் துணித்துண்டுகளை இணைத்துத் தைத்த விரிப்பு, நடுவே பஞ்சு, அடியில் முழுத்துணி, இம்மூன்றும் விலகாதபடி ஊடுருவிச் செல்லும் நெருக்கமான தையல். இவ்வாறு உருவாகும் போர்வைக்குச் சென்னையில் இன்று வழங்கும் பெயர் 'குயில்ட்' என்பதே. 2019 ஜனவரியில் சென்னை வர்த்தக மையத்தில் முதல் இந்தியக் குயில்ட் விழா நடைபெற்றது. இக்கலையைப் பயிலும் மகளிர் தென்சென்னையில் சிறு வட்டங்களாகக் கூடித் தைக்கின்றனர். ஒருவர் கற்றதை மற்றவர்க்குக் கற்பிக்கின்றனர். இவர்கள் பயன்படுத்தும் மாதிரி வடிவங்களும் அளவுகோல்களும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அதனால் கலையே அங்கிருந்து வந்தது என்ற எண்ணமும் பரவியுள்ளது. இவ்வெண்ணம் வரலாற்றோடு பொருந்துவதன்று என்பதை ஈண்டுக் காட்ட விழைகின்றோம். அதனினும் முக்கியமாக, இப்போர்வைக்குள் மறைந்திருக்கும் பஞ்சைப் போலவே மறைந்துபோன ஒரு கூட்டத்தாரைப் பற்றியும் பேச வேண்டியுள்ளது.

அரபு மொழியில் போர்வைக்குரிய சொற்களுள் பெருவழக்குடையது 'லிஹாஃப்' என்பது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் போர்வைக்குள் இருந்தபோது நபி பெருமானார் (ஸல்) அவர்களுக்கு வஹீ இறங்கியதைக் குறிக்கும் புகாரியின் அறிவிப்பில் இச்சொல்லே வருகின்றது. அல்பகரா அத்தியாயத்தின் 273-ஆம் வசனம், மக்களை வற்புறுத்தி இரந்து கேளாத ஏழைகளைப் புகழ்கிறது. அங்கு வற்புறுத்தலைக் குறிக்க 'இல்ஹாஃப்' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. அது லிஹாஃபிலிருந்து பிறந்ததென்று இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானி தமது குர்ஆன் அகராதியில் விளக்குகிறார். விடாமல் கேட்பவன் போர்வையைப் போல் ஆளைச் சுற்றிக் கொள்கிறான் போலும்! அன்ஸாரிகளை உடலோடு ஒட்டிய உள்ளாடைக்கும், ஏனைய மக்களை மேற்போர்வைக்கும் நபியவர்கள் உவமித்ததையும் நாம் அறிவோம். உள்ளடுக்கு 'ஷிஆர்', மேலடுக்கு 'திஸார்'. அல்முத்தஸ்ஸிர் என்னும் அத்தியாயத்தின் பெயர் இந்தத் திஸாரின் வேரிலிருந்து வந்ததே.

பஞ்சு வைத்து ஊடுதையலிட்ட மெத்தை விரிப்புக்கு 'முளர்ரபா' என்று பெயர். இச்சொல்லை இந்தியாவோடு சேர்த்து நமக்குத் தருபவர் இப்னு பதூதா. ஹிஜ்ரி 734-ன் தொடக்கத்தில், அதாவது 1333-ல், சிந்து நதிக்கரையை அடைந்த அவர், தில்லியில் தமக்கு அளிக்கப்பட்ட படுக்கையை வியப்போடு வருணிக்கிறார். இந்தியக் கட்டில் ஒரே ஆள் சுமக்கும் அளவுக்கு இலேசானது; பயணம் செல்வோர் அதைத் தம்முடன் கொண்டு செல்வர். தமக்குக் கட்டிலுடன் பட்டாலான இரண்டு முளர்ரபாக்களும், இரண்டு தலையணைகளும், ஒரு லிஹாஃபும் கொண்டுவரப்பட்டன என்கிறார். அடுத்து அவர் சொல்வது ஓர் இல்லத்தரசியின் கண்ணுக்கே தெரியக்கூடிய செய்தி: இந்நாட்டவர் மெத்தைக்கும் போர்வைக்கும் வெள்ளை உறை இடுகின்றனர், அழுக்கானால் உறையை மட்டும் கழற்றித் துவைக்கின்றனர், உள்ளிருப்பது தூய்மையாகவே இருக்கிறது. மதுரை சுல்தானகத்தோடு மணவுறவு கொண்டு, பின்னர் அங்கு வந்து தங்கியவரும் இவரே. தஞ்சையின் புழுக்கத்திலும் மதுரையின் வெயிலிலும் பஞ்சுப் போர்வைக்குத் தேவை குறைவு என்பது உண்மைதான். ஆயினும் மெத்தையும் அதைத் தைப்போரும் இல்லாத ஊர் தமிழகத்தில் இருந்ததில்லை.

பஞ்சை விட்டுத் துண்டுத் துணிக்கு வருவோம். ஒட்டுக்கு அரபியில் 'ருக்ஆ' என்பர். கிழிந்த ஆடையை ஒட்டுப் போடாமல் கழித்துவிட வேண்டாமென்று நபியவர்கள் அன்னை ஆயிஷாவிடம் கூறியதாகத் திர்மிதியில் ஓர் அறிவிப்பு உண்டு; இமாம் திர்மிதி அதை 'கரீப்' என்னும் தரத்தில் வைக்கிறார். மதீனாவின் ஆட்சித் தலைவராக இருந்த காலத்தில் உமர் (ரலி) அவர்களின் இரு தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகளைக் கண்டதாக அனஸ் (ரலி) கூறுவதை இமாம் மாலிக் முவத்தாவில் பதிவு செய்துள்ளார். இதன் வழியில் ஸூஃபிகளிடம் ஒட்டுப் போட்ட அங்கி ஓர் அடையாளமாயிற்று. லாகூரில் அடங்கியுள்ள ஹுஜ்வீரி (ரஹ்) அவர்கள் 'கஷ்ஃபுல் மஹ்ஜூப்' நூலில் இதற்கென்றே ஒரு தனி இயல் வகுத்து, அவ்வங்கியை வெளிவேடமாக அணிவோரைக் கண்டிக்கவும் செய்கிறார். ஹிஜ்ரி 597-ல் மறைந்த இப்னுல் ஜவ்ஸி இன்னும் கடுமையானவர். புதுத்துணியை வாங்கி, வேண்டுமென்றே துண்டாக்கி, வண்ண வண்ணமாக ஒட்டித் தைத்து அணிந்த போலித் துறவிகளை அவர் 'தல்பீஸு இப்லீஸ்' நூலில் சாடுகிறார். இன்றைய குயில்ட் கலைஞரும் புதுத்துணியை வெட்டியே தைக்கிறார். ஆனால் இமாமின் சாட்டை அவர்மீது படாது. அங்கே குற்றம் துண்டாக்கியதில் இல்லை, ஏழ்மையை நடித்ததில் இருக்கிறது.

இந்த ஒட்டிலிருந்து பிறந்த இன்னொரு சொல்லையும் கூறாது விடுவதற்கில்லை. ஒட்டுப் போட்டதென்னும் பொருள்படும் 'முரக்கஃ', பிற்காலத்தில் ஓவியங்களையும் எழுத்தணிகளையும் வெட்டி ஒட்டிச் சேர்த்த தொகுப்பேட்டுக்குப் பெயராயிற்று. ஜஹாங்கீர் தொகுத்த குல்ஷன் முரக்கஃ அவ்வகையினது. தர்வேஷின் கந்தையும் பேரரசனின் கலைக்கருவூலமும் ஒரே சொல்லால் வழங்கின.

போர்க்களத்திலும் இத்தையலுக்கு இடமிருந்தது. ஷைஸர் கோட்டை மரபினரான உஸாமா இப்னு முன்கித் (1095–1188) தமது நினைவுக் குறிப்புகளில், இரும்பு வளைய அங்கிகளை உள்ளே வைத்து, மென்மயிரும் பட்டும் திணித்துத் தைத்த 'கஸாகந்த்' என்னும் போருடையை வருணிக்கிறார். ஐரோப்பியர் கவசத்துக்கு அடியில் அணிந்த பஞ்சுச் சட்டைக்குப் பழைய பிரெஞ்சு மொழியில் 'ஒக்தோன்' என்ற பெயர் வழங்கியது. அது பருத்தியைக் குறிக்கும் 'அல்குத்ன்' என்பதன் திரிபு. 'ஜுப்பா' அவர்கள் நாவில் 'ஜுப்போன்' ஆயிற்று. இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்ற குயில்ட் மரபின் முன்னோர் வரிசையில் இவற்றுக்கும் இடமுண்டு.

சோழமண்டலக் கரை இவ்வரலாற்றில் இணைவது பதினேழாம் நூற்றாண்டில். கட்டிலை மூடும் விரிப்பைப் பாரசீகத்தில் 'பலங்போஷ்' என்பர். ஆங்கிலேய வணிகர் அதைப் 'பலம்போர்' ஆக்கினர். மசூலிப்பட்டினம் முதல் பழவேற்காடு, சென்னை, நாகப்பட்டினம் வரையிலான கரையோரத்தில் எழுதுகோலால் வண்ணம் தீட்டிய இத்துணிகள் கப்பலேறின. அவற்றுள் பல ஐரோப்பாவில் பஞ்சு வைத்து ஊடுதையலிட்ட போர்வைகளாயின. உள்நாட்டு நெசவாளர் அஞ்சும் அளவுக்கு இவற்றின் மோகம் பெருகவே, பிரான்சு 1686-ல் தடை விதித்தது. இங்கிலாந்து 1700-ல் ஒரு சட்டமும் 1721-ல் அதனினும் கடுமையான மற்றொரு சட்டமும் இயற்றிற்று. தடையினால் அருமைப்பட்ட துணியின் சிறு துண்டையும் வீணாக்காது சேர்த்துத் தைப்பது இயல்புதானே? இவ்வண்ணத் துணிக்குரிய 'கலம்காரி' என்னும் பெயரிலுள்ள 'கலம்' நாம் மத்ரஸாவில் நாள்தோறும் ஏந்தும் அதே எழுதுகோல்தான். பிற்காலத்தில் நலிந்த அத்தொழிலுக்குச் சென்னையில் மீண்டும் இடமளித்த நிறுவனங்களுள் கலாக்ஷேத்ராவும் ஒன்று. 1936-ல் அடையாற்றில் தோன்றி, 1962-ல் திருவான்மியூருக்கு இடம்பெயர்ந்த அந்நிறுவனத்தின் கைத்தொழில் மையத்தில் நெசவோடு கலம்காரியும் பேணப்பட்டு வந்துள்ளது.

அடையாற்றில் வாழும் எம் உறவினரான ஓர் அம்மையார் சில ஆண்டுகளாக இக்கலையில் ஈடுபட்டுள்ளார். அவரது அண்மைய போர்வை, காலஞ்சென்ற தந்தையார் உடுத்திய பழவேற்காட்டுக் கட்டம் போட்ட கைலிகளை வெட்டித் தைத்தது. வெளுத்த இடங்களை அவர் கழிக்கவில்லை, நடுவில் வைத்துள்ளார். அவருடன் கூடித் தைக்கும் தோழியர் பல சமயத்தவர். ஒருவர் நோயுற்றுத் தையலை முடிக்க இயலாதபோது, மற்றவர்கள் ஆளுக்கொரு சதுரமாக எடுத்துச் சென்று முடித்துக் கொடுத்தனராம். பயிற்சி வகுப்புகளில் தாம் கற்றது தையலைக் காட்டிலும் பொறுமையே என்றார். நடுவில் வைக்கும் பஞ்சு எங்கிருந்து வருகிறது என வினவினோம். கடையில் சுருளாகக் கிடைக்கிறது என்றார். பாலியஸ்டர் இழை, இயந்திரத்தில் அழுத்தியது.

அந்தப் பஞ்சைக் கையால் அடித்துக் கொடுத்தோர் இருந்தனர். தோளில் நீண்ட வில்லையும் கையில் மரக்கட்டையையும் தாங்கித் தெருத்தெருவாக வந்தோர் அவர்கள். அதிரும் நாணைப் பஞ்சுக் குவியலில் தோயவிட்டுக் கட்டையால் தட்டினால், அழுந்திக் கட்டிதட்டிய பஞ்சு இழை இழையாகப் பிரிந்து எழும்பும். தூசு மூக்கிலும் நெஞ்சிலும் படியும். தமிழில் இவர்களுக்குப் பஞ்சுகொட்டி என்று பெயர். தெலுங்கில் தூதேகுலா, கன்னடத்தில் பிஞ்சாரர். தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் இவர்களுக்கு 'லதாஃப்' என்ற பெயரும் காணப்படுகிறது. அது 'நத்தாஃப்' என்பதன் திரிபேயாகும். வில்லால் பஞ்சடிப்பவர் என்பது அவ்வரபுச் சொல்லுக்குப் பொருள். இவர்கள் முஸ்லிம்கள். எனினும் மற்ற முஸ்லிம்கள் இவர்களோடு மணவுறவு கொள்ளத் தயங்கினர்; தாழ்ந்தோராகவே நடத்தினர். இதைப் பிற சமயத்தார் நமக்குக் கற்றுக்கொடுத்த வழக்கமென்று சொல்லித் தப்பிவிடுதல் எளிது. ஆனால் நம் கையிலிருந்த நூல்கள் வேறொன்றைக் கற்றுக்கொடுத்தன என்பதையும் அப்போது மறைக்க நேரும்.

ஹதீஸ் அறிவிப்பாளர்களை எடைபோடும் கலையில் முதல் வரிசையில் நிற்கும் யஹ்யா இப்னு ஸயீத் (மறைவு ஹிஜ்ரி 198) 'அல்கத்தான்' என்றே அறியப்படுகிறார்; பருத்தித் தொழிலைச் சுட்டும் பெயர் அது. நீதிபதியின் நெறிமுறை பற்றி நூலியற்றிய ஹனஃபி மேதை 'அல்கஸ்ஸாஃப்' (மறைவு ஹிஜ்ரி 261) செருப்புத் தைத்து உண்டவர். பூட்டுச் செய்தவர் 'அல்கஃப்பால்', துணி விற்றவர் 'அல்பஸ்ஸாஸ்'. தொழிற்பெயர் அங்கே அறிஞரின் பெயரோடு மதிப்புடன் சேர்ந்து நின்றது. மகன் வேறு தொழில் செய்தால் வேறு பெயர் பெற்றான். இங்கோ தொழிற்பெயர் குலப்பெயராகி, தொழிலை விட்டோரையும் விடாது தொடர்ந்தது.

ஹிஜ்ரி 309-ல் (922) பக்தாதில் கொல்லப்பட்ட ஹுஸைன் இப்னு மன்ஸூரைப் பற்றி ஆலிம்களிடையே இருந்த கருத்து வேறுபாடு நாம் அறிந்ததே. அதற்குள் இங்குப் புகவில்லை. அவருடைய 'ஹல்லாஜ்' என்னும் பெயர் பஞ்சிலிருந்து விதையைப் பிரிப்பவரைக் குறிக்கும். அவர் சைகை காட்டியவுடன் ஒரு கடையிலிருந்த பஞ்சு முழுவதும் விதை நீங்கிற்றென்று அத்தார் தமது இறைநேசர் வரலாற்றில் எழுதுகிறார். வட இந்தியப் பஞ்சடிப்போர் இருபதாம் நூற்றாண்டில் தம்மை இழிவாகச் சுட்டிய பழைய பெயர்களை விடுத்து 'மன்ஸூரி' என்று பெயரிட்டுக் கொண்டது இவரை நினைந்தே. ஹல்லாஜின் பெயரைக் கேட்டு உருகிய அவைகளில், தெருவில் வில்லோடு சென்ற ஹல்லாஜுக்கு இருக்கை கிடைத்ததா என்னும் வினா அப்பெயர் மாற்றத்தில் ஒளிந்துள்ளது.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டக் காடுகளில் வாழும் சித்திகள் ஆப்பிரிக்க வழியினர். அவர்களுள் முஸ்லிம்களும் கிறித்தவரும் இந்துக்களும் உண்டு. பழந்துணிகளைக் கொண்டு அவர்களின் பெண்கள் தைக்கும் 'கவந்தி' விளிம்பில் தொடங்கி, சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிவது. மூலைகளில் மடித்த துணிப்பூ வைக்காவிடில் அது நிறைவுபெற்றதாகக் கருதப்படுவதில்லை. இன்று அப்போர்வைகள் வெளிநாட்டு அருங்காட்சியகச் சுவர்களை அலங்கரிக்கின்றன. தைத்தவரின் பெயரும் அருகே எழுதப்படுகிறது. தமிழகப் பஞ்சுகொட்டிக்கு அவ்வாய்ப்பு வரவில்லை. அவர் செய்த பொருள் தையலுக்குள் மறைந்துவிடுவது. எந்தக் கண்காட்சியிலும் தொங்கவிட இயலாதது. பஞ்சு அரைக்கும் இயந்திரமும், பின்னர் நுரை மெத்தையும் வந்தபின் வில்லின் ஒலியும் நகரத் தெருக்களில் அருகிற்று. அவர்களின் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குச் சென்றனர்.

தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு வழங்கியது. அதற்குரிய பட்டியலில் ஏழு பிரிவுகள் உள்ளன: அன்ஸார், தக்கனி முஸ்லிம்கள், தூதேகுலா, ராவுத்தரும் மரைக்காயரும் உள்ளிட்ட லப்பைகள், மாப்பிள்ளா, ஷேக், சையத். பஞ்சுகொட்டியும் சையதும் அரசின் ஏட்டில் ஒரே வரிசையில், சில சொற்களே இடைவெளியாக நிற்கின்றனர்.